ஹோலில் ஒரு பாட்டுக் கச்சேரி: கொழும்பு வீடொன்றில் நாட்டார் இசை நடத்துவது எப்படி

கொழும்பில் நாட்டார் பாடல் கேட்பதென்றால் பெரும்பாலும் ஏதாவது விழா மேடைதான். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிந்த பிறகு, மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்தவருக்குப் பத்து நிமிஷம் கிடைக்கும். மைக் கீச்சிடும். நேரம் போய்விட்டது என்று துண்டு வரும். அதே மனிதரை ஒரு வீட்டு ஹோலில், மைக் இல்லாமல், ஆறடி தூரத்தில் உட்கார்த்திப் பாட விட்டுப் பாருங்கள். அவர் மூச்செடுக்கும் இடம்கூடக் கேட்கும். பாட்டு எந்த ஊரில் யாரிடம் பழகியது என்று அவராகவே சொல்லத் தொடங்குவார்.

இதற்கு மண்டபமோ அனுசரணையாளரோ வேண்டாம். வெளிநாடுகளில் நாட்டார் பாடகர்களும் கிட்டார்க்காரர்களும் வீடு வீடாகப் போய்ப் பாடும் வழக்கம் உண்டு. அழைத்தவர்கள் மட்டும் வருவார்கள், சேரும் பணம் முழுவதும் கலைஞருக்கு, வீட்டுக்காரர் ஒரு சதமும் எடுப்பதில்லை. வீட்டு பஜனையும் நவராத்திரிப் பாட்டும் பழகிய நமக்கு இது அப்படியொன்றும் புதிதில்லை. முதல் தடவை செய்பவர்களுக்காக, வேலை நடக்கும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. அறைக்குப் பொருந்தும் இசையைத் தேடுங்கள்

குரலை நம்பி நிற்கும் பாட்டு வீட்டுக்குப் பொருந்தும். தாலாட்டு, வயல் பாட்டு, மலையகத் தோட்டப் பாடல்கள், கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் கவி என்னும் நாட்டுப்பாட்டு, உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பா எல்லாம் இதற்கென்றே செய்தவை மாதிரி இருக்கும். கூட உடுக்கு, கஞ்சிரா, றபான் என்னும் கைமேளம், புல்லாங்குழல், வயலின், கிட்டார் என்று ஒன்றோ இரண்டோ வாத்தியம் போதும்.

தப்பும் பறையும் வேறு கதை. அவை வெட்டவெளிக்கான வாத்தியங்கள். பன்னிரண்டடி அறையில் அடித்தால் பாட்டு காணாமல் போய்விடும், மேல்மாடிக்காரர் கீழே வந்துவிடுவார். முற்றம் உள்ள வீடென்றால் பகலில் வைக்கலாம். தொடர்மாடியில் வேண்டாம்.

கூத்துப் பாட்டு வேண்டுமென்றால் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரிடம் நேரே பேசுங்கள். ஊரில் விடிய விடிய ஆடும் கூத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் திணிக்க முடியாது. ஆட்டம் இல்லாமல், பாத்திரங்கள் வரும்போது பாடும் வரவுப் பாட்டுகளும் தரு என்னும் கதைப் பாட்டுகளும் மட்டும், இடையில் கதையைச் சொல்லிச் சொல்லிப் பாட முடியுமா என்று கேளுங்கள். அவர் பாடும் அடியைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டுக்கு இரண்டு பேர் வந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கேட்க வந்தவர்களுக்கே அந்த அடியைச் சொல்லிக்கொடுத்துப் பாட வைக்கலாம், அதற்கும் வீடுதான் வசதி.

இன்னொன்று, ஒப்பாரி. கேட்க வேண்டிய பாட்டுத்தான், சந்தேகமில்லை. ஆனால் சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடுவதைப் பலர் விரும்புவதில்லை. பாடுபவரே மறுக்கலாம், உங்கள் அம்மா சம்மதிக்காமல் இருக்கலாம். இரண்டு பேரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அதில் வாதாட ஒன்றுமில்லை.

கலைஞருடன் பேசும்போது வட்ஸ்அப் செய்தியோடு நிற்காமல் தொலைபேசியில் கதையுங்கள். எத்தனை பேர் வருவார்கள், எப்படி வருவார்கள், இரவு எங்கே தங்குவார்கள், கீழே இருந்து பாடுவாரா கதிரையிலா, குறைந்தது எவ்வளவு பணம் எதிர்பார்க்கிறார்? கடைசிக் கேள்விக்குத்தான் எல்லோரும் கூச்சப்படுவார்கள். அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

2. வீட்டைக் காதால் அளந்து பாருங்கள்

பன்னிரண்டுக்குப் பதினைந்தடி ஹோல் என்றால் 180 சதுர அடி. பாடுபவருக்கும் நடைபாதைக்கும் 40 போனால் மிச்சம் 140. பாயில் இருந்தால் ஆளுக்கு ஐந்து ஆறு சதுர அடி போதும், அப்படியென்றால் 25 பேரளவில் இருக்கலாம். கதிரை போட்டால் 18 பேர் தேறுவார்கள். முன்னால் பாய், பின்னால் ஒரு வரிசை கதிரை என்று கலந்து போடுவதுதான் நடைமுறைக்குச் சரி. கதிரைகளைத் தெரிந்த வீடுகளில் இரவல் வாங்குங்கள்.

அடுத்தது எதிரொலி. ஹோலின் நடுவில் நின்று ஒருதரம் கைதட்டுங்கள். டைல்ஸ் தரையும் சீமெந்துச் சுவரும் உள்ள வீட்டில் சத்தம் கிணுகிணு என்று திரும்பி வரும். பாய் விரித்து, கனமான திரைச்சீலை போட்டால் பாதி குறையும். மீதியை வந்து உட்காரும் ஆட்கள் உறிஞ்சிவிடுவார்கள். அதனால் வெறும் வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது எதிரொலி கொஞ்சம் கூடத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும், குரலை முன்னால் தள்ளிக் கொடுக்கும். திரைச்சீலையும் புத்தக அலுமாரியும் எதிர்ப்பக்கம். அறையின் நீளச் சுவரோரம் அவரை இருத்தினால் கேட்பவர்கள் அரைவட்டமாகச் சுற்றி இருக்கலாம், யாரும் தூரத்தில் போய்விட மாட்டார்கள். வாசற்கதவு அவருக்குப் பின்னால் வரக்கூடாது. பிந்தி வருபவரை முழு அறையும் திரும்பிப் பார்க்கும்.

இனி கொழும்பின் பெரிய எதிரி, புழுக்கம். பாடுபவரின் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றால் குரல் துண்டு துண்டாக நடுங்கிக் கேட்கும். அதை நிறுத்திவிட்டு, பின்வரிசைக்கு மட்டும் ஒரு மேசை விசிறியை மெதுவாக விடுங்கள். ஏசி இருந்தால் பின்னேரம் நான்கு மணிக்கே போட்டு அறையைக் குளிராக்கி, பாட்டு தொடங்கும்போது நிறுத்துங்கள். இடைவேளையில் மறுபடி போடலாம். ஆனால் வாத்தியக்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும். ஈரக் காற்றில் தோல் தொய்ந்து சுருதி இறங்கும், ஏசியில் காய்ந்து ஏறும். கிட்டாரும் இதே தொல்லைதான். வாத்தியங்களை ஒரு மணித்தியாலம் முன்பே அந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் இந்தக் கரைச்சல் பாதி தீரும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் கடலோரமாக வீடு இருந்தால் ரயில் உண்டு. எந்தெந்த நேரம் போகிறது என்று முந்தின வாரமே ஒரு மாலை இருந்து குறித்துக்கொள்ளுங்கள், தாலாட்டுக்கு நடுவில் ஹோர்ன் அடித்தால் தாங்காது. காலி வீதிப் பக்கம் என்றால் வீதியைப் பார்த்த யன்னல்களை மூடிவிட்டு, பின்பக்கத்தைத் திறந்துவிடுங்கள்.

3. நாளும் நேரமும்

சனி அல்லது ஞாயிறு. மாலை 6 மணிக்கு வரச் சொல்லி 6.30க்குத் தொடங்குங்கள். அதற்கு முன் தொடங்கினால் கூடு திரும்பும் காகங்களும் சேர்ந்து பாடும். முதல் பகுதி 40 நிமிஷம், 25 நிமிஷ இடைவேளை, இரண்டாவது பகுதி 40 நிமிஷம். எட்டரைக்குள் எல்லாம் முடிந்துவிடும், காலி வீதியில் 100, 101 பஸ் பிடித்து வீடு போகிறவர்களுக்கும் வசதி.

சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலங்களில் வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் எவ்வளவு நல்ல இசை வைத்தாலும் அது சத்தம்தான். வெசாக் வாரத்தில் வீதிகள் நகராது. ஆடிவேல் ஊர்வல நாட்களிலும் காலி வீதிப் பக்கம் அதே நிலை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வரும். தகரக் கூரை வீடென்றால் அந்த மாதங்களையும் விடுங்கள்.

4. அயலவரும் சட்டமும்

தொடர்மாடி என்றால் முகாமைத்துவக் குழுவுக்கு முதலில் சொல்லுங்கள். பிறகு மேல், கீழ், இரு பக்க வீடுகளுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். சிங்கள அயலவரோ முஸ்லிம் அயலவரோ, “அன்ரி, சனிக்கிழமை பின்னேரம் எங்கட வீட்டில் கொஞ்சம் பாட்டு. எட்டரைக்கு முடிஞ்சிடும். நீங்களும் வாங்கோ” என்று கூப்பிடுங்கள். மொழி தெரியாவிட்டாலும் வருவார்கள். வந்தவர் முறைப்பாடு செய்ய மாட்டார். வாசல் காவலாளியிடம் பெயர்ப்பட்டியல் ஒன்று கொடுத்துவிடுங்கள், அவருக்கும் ஒரு தேநீர்.

யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் பத்துப் பேர் கூடினாலே யார் எவர் என்று கேள்வி வந்தது. வயதானவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அயலுக்கு முன்பே சொல்லிவைப்பது வீட்டுப் பெரியவர்களின் நிம்மதிக்காகவும்தான்.

மைக் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது முதலில் இசைக்காக. 25 பேருக்கு ஒரு மனிதக் குரல் தாராளமாகப் போதும். சட்டப்படியும் அதுதான் சுலபம். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அந்த அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. அதேபோல டிக்கெட் அடித்து விற்றால் அது பொது நிகழ்ச்சியாகிவிடும், மாநகரசபையின் கேளிக்கை வரியும் பின்னால் வரும். தெரிந்தவர்களை அழையுங்கள், டிக்கெட் விற்காதீர்கள்.

5. அழைப்பு

பேஸ்புக்கில் முகவரியோடு போடாதீர்கள். தனித்தனியாக அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

“வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டில் மட்டக்களப்பு நாட்டுப்பாடல் கேட்கப்போகிறோம். 6 மணிக்கு வாருங்கள், 6.30க்குப் பாட்டு, 8.30க்குள் முடிந்துவிடும். மைக் இல்லை. பாயில்தான் இருக்கை, முழங்கால் வலி உள்ளவர்கள் சொன்னால் கதிரை வைக்கிறோம். பாடுபவர்களுக்கு ஆளுக்கு 1,000 ரூபா அளவில் கொடுத்தால் நல்லது, முடியாதவர்கள் கொடுக்காமலும் வரலாம். ஒழுங்கையில் கார் விட இடமில்லை, பஸ்ஸிலோ ஓட்டோவிலோ வாருங்கள். வியாழனுக்குள் பதில் போட்டால் முகவரி அனுப்புகிறேன்.”

“பார்ப்போம்” என்று பதில் வந்தால் வரமாட்டார் என்று அர்த்தம். 25 பேர் வேண்டுமென்றால் 40 பேரைக் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவரலாமா என்பார்கள். தாராளமாக, ஆனால் அவர்களுக்குக் கதவுப் பக்கத்தில் இடம்.

6. பணம்

25 பேர் 1,000 ரூபா கொடுத்தால் 25,000. மூன்று பேர் பாட வந்தால் அது பெரிய தொகை இல்லை. ஆகவே போக்குவரத்து, சாப்பாடு, தங்குமிடம் மூன்றும் உங்கள் செலவு. அதைச் சேர்ந்த பணத்தில் கழிக்காதீர்கள். தனியாக முடியாதென்றால் இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். பேசிய குறைந்த தொகை சேரவில்லையென்றால் மீதியை நீங்கள் போட வேண்டும், இதை மனதில் வைத்துக்கொண்டே தொகையைப் பேசுங்கள்.

வாசலில் யாரையும் நிறுத்திப் பணம் வாங்க வேண்டாம். இடைவேளை தொடங்கும்போது ஒரு வாக்கியத்தில் ஞாபகப்படுத்தி, மூடிய பெட்டி ஒன்றைத் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். முடிந்ததும் உள்ளறையில் அவர்கள் முன்னாலேயே எண்ணி, கவரில் போட்டுக் கொடுங்கள்.

7. அன்று மாலை

கலைஞர்கள் நான்கு மணிக்கே வந்துவிட்டால் நல்லது. இரவு ரயிலில் வந்தவர்கள் என்றால் பகலில் நித்திரை கொள்ள ஓர் அறை கொடுங்கள். பாட முன் வயிறு முட்டச் சாப்பிடப் பலர் விரும்ப மாட்டார்கள். சுடுதண்ணீர் ஒரு போத்தலில் பக்கத்தில் இருக்கட்டும், இரவுச் சாப்பாடு நன்றாக இருக்கட்டும்.

நுளம்புக்குச் சுருள் கொளுத்தும் பழக்கத்தை அன்று மறந்துவிடுங்கள், சாம்பிராணியையும். புகை தொண்டையைப் பிடிக்கும். பொழுதுபடுமுன் யன்னலைச் சாத்தி, வலை இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். மணிக்கூட்டின் டிக் டிக், குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், குசினியில் குக்கர் விசில் எல்லாவற்றையும் ஒருதரம் காதால் தேடிப் பிடித்து நிறுத்துங்கள். சிற்றுண்டி முன்பே செய்து வைத்ததாக இருக்கட்டும்: கடலை, வடை, ரோல்ஸ், இஞ்சிப் பிளேன்டீ. இடைவேளைக்கு முன் எதையும் பரிமாறாதீர்கள், சரசரக்கும் பைக்கற் எதுவும் வேண்டாம்.

வெளிச்சம் பாடுபவரின் முகத்தில் விழட்டும், பின்னாலிருந்து வரக்கூடாது. மின்சாரம் போனால் பாட்டு நிற்காது, சார்ஜ் விளக்கு ஒன்று போதும்.

உங்கள் பேச்சு ஒரு நிமிஷம். யார் வந்திருக்கிறார், எந்த ஊர், போனைச் சத்தமில்லாமல் வையுங்கள், கழிவறை எங்கே. அவ்வளவுதான். பிரதம விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை எதுவும் வேண்டாம். யாராவது பெரியவர் “இரண்டு வார்த்தை பேசவா” என்று எழுந்தால், “இடைவேளையில் எல்லோரும் கதைப்போம் ஐயா” என்று சிரித்துக்கொண்டே இருத்திவிடுங்கள். இந்த ஒரு வேலையை உறுதியாகச் செய்யக்கூடிய ஆள் வீட்டில் யாரென்று முன்பே பார்த்து வையுங்கள். பெரும்பாலும் அது அக்காவாக இருக்கும்.

8. ஒளிப்பதிவு

பாடுபவரிடம் முதலிலேயே கேளுங்கள். சம்மதித்தால் ஒருவர் மட்டும் ஒரு மூலையில் இருந்து எடுக்கட்டும். மற்றவர்கள் போனைத் தூக்க வேண்டாம், நேரலை வேண்டவே வேண்டாம். ஊர்ப் பாட்டு என்றால் யாரிடம் பழகியது, எந்த ஊர் என்பதையும் அவரே சொல்லும்படி பதிவு செய்யுங்கள். அவரே கட்டிய பாட்டு என்றால் இணையத்தில் போடும் உரிமை அவருடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவர் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் பாதுகாக்கப்பட்டது.

9. அடுத்த நாள்

பதிவின் ஒரு பிரதியைக் கலைஞருக்கு முதலில் அனுப்புங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் சத்தம் எப்படி இருந்தது என்று கேளுங்கள், உண்மையான பதில் அங்கேதான் கிடைக்கும். இரவல் கதிரைகளை அன்றே திருப்பிக் கொடுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு இரண்டு மாதமாவது இடைவெளி விடுங்கள், முடிந்தால் வேறு நண்பர் வீட்டில். வெள்ளவத்தையில் ஒன்று வைத்தால் அடுத்தது கொட்டாஞ்சேனையில். அங்கே இருப்பவர்கள் பாட்டுக் கேட்க எப்போதும் தெற்கே பஸ் ஏறி வரவேண்டும் என்று என்ன கட்டாயம்?