மலையக டவுனில் மாடி வீட்டில் இருந்துகொண்டு பார்சலைத் தவறாமல் வாங்குவது எப்படி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கண்டியிலோ மாடி வீடு எடுத்துக்கொண்டு இருக்கிறவர்கள் ஒன்லைனில் ஒரு சாமான் ஓடர் பண்ணினால், சாமானுக்கு முன்னால் "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்ற மெசேஜ் வந்து சேர்கிறது, அதுவும் நாள் முழுக்க வீட்டில் இருந்த அன்றைக்கு. உடனே ரைடரைத் திட்டத் தோன்றும். திட்டாதீர்கள். பை நிறையப் பார்சலோடு மழையிலும் பனியிலும் மலை ஏறி இறங்குகிற பிள்ளைகள் அவர்கள், அதில் பலர் நம் தோட்டங்களில் இருந்து வந்தவர்கள். விலாசம் எழுதச் சொல்லும் அந்தப் படிவம் சமதரை ஊருக்காகச் செய்தது, அதை அப்படியே நிரப்பி அனுப்பினால் நம் ஊரில் யாராலும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஓடர் போடுவதற்கு முன்பே செய்துவைக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு தடவை செய்தால் போதும்.

எந்த ரோட்டால் வர வேண்டும் என்று சொல்லுங்கள்

நம் டவுன்களில் பாதிக் கட்டடம் சரிவில்தான் நிற்கிறது. மேல் ரோட்டில் இருந்து வந்தால் பத்துப் படி இறங்கியதும் உங்கள் கதவு, கீழ் ரோட்டில் இருந்து வந்தால் அதே கதவுக்கு மூன்று மாடி ஏற வேண்டும். இப்படி இருக்கும்போது "3ஆம் மாடி" என்று மட்டும் எழுதினால் வருகிறவர் எங்கே இருந்து எண்ணுவது? ஆகவே விலாசத்தில் முதலில் தெளிவாக இருக்க வேண்டியது எந்த ரோட்டுப் பக்கம், அங்கிருந்து ஏறுவதா இறங்குவதா என்பதுதான். மாடி இலக்கம் அதற்குப் பிறகு.

டிலிவரிக் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும், பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அதில் இப்படி எழுதலாம்: "மேல் ரோட்டால் வரவும். கோயில் தாண்டி இடது பக்கம் நீலக் கேட். கேட்டில் இருந்து ஒரு மாடி கீழே. கீழ் ரோட்டால் வழி இல்லை." கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள், ரைடருடைய அரை மணித்தியாலத்தை மிச்சப்படுத்துவது அதுதான். குறிப்பைத் தமிழில் மட்டும் போடாமல் ஆங்கிலத்திலும் போடுங்கள், தெரிந்தவர் யாரையாவது பிடித்துச் சிங்களத்திலும் எழுதி போனில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் பார்சலைப் பிரிக்கிறவர் ஒருவர், லொறி ஓட்டுகிறவர் ஒருவர், கடைசியில் கதவுக்கு வருகிறவர் வேறொருவர். கோயில், பள்ளிக்கூடம், பெரிய பேக்கரி என்று அசையாத அடையாளமாகச் சொல்லுங்கள். "போன மாதம் திறந்த போன் கடைக்குப் பக்கத்தில்" என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

விலாசத்தில் வீட்டு இலக்கம், கட்டடத்தின் பெயர், நகரசபை கொடுத்த வரி இலக்கம், ரோட்டின் பெயர், டவுன், தபால் குறியீடு எல்லாம் வர வேண்டும். குறியீடு ஐந்து இலக்கம்: ஹட்டன் 22000, நுவரெலியா 22200, கண்டி 20000, பதுளை 90000, பண்டாரவளை 90100. வெளிநாட்டில் இருந்து வரும் தபாலுக்கு இது ரொம்பத் தேவை. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் வரி இலக்கத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், மின்சாரப் பில்லில் இருக்கிற விலாசத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டும் பாருங்கள்.

செயலியில் "நகரம்" என்று ஒரு பட்டியல் விரியும், அங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் இருக்கிறவர் எதைத் தெரிவு செய்கிறாரோ அந்தக் கிளைக்குத்தான் பார்சல் போகும், பிழையான கிளைக்குப் போனால் திரும்பி வர நாள் ஆகும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பார்சல் ஒழுங்காக வருகிறதா, அவர் எந்த நகரத்தைப் போடுகிறார் என்று கேளுங்கள். அதையே நீங்களும் போடுங்கள்.

வரைபடத்தில் பின் குத்தும் இடம்

சொந்த வீட்டின் கூரை மேல் பின்னைக் குத்துவது எல்லாருக்கும் பழக்கம். மலையில் அது சரிவராது. வரைபடம் அந்தப் புள்ளிக்குக் கிட்டத்தில் ஓடும் ரோட்டுக்கு வழி காட்டும், அந்த ரோடு உங்கள் வீட்டுக்கு நேர் கீழே, நடுவில் ஆள் உயரத்தைப் போல நாலு மடங்கு மதில் இருக்கும் இடமாகவும் இருக்கலாம். வரைபடத்தில் உயரம் தெரியாது, இரண்டு ரோடும் ஒட்டினாற்போல் இருக்கும். அதனால் வண்டி வந்து நிற்கும் இடத்துக்கு நேரில் போய் நின்று, அங்கே பின் போடுங்கள். கூகுள் மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் பிளஸ் கோட் என்று எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு குறி வரும், நடுவில் கூட்டல் அடையாளம் இருக்கும். அதை விலாசத்தின் இரண்டாவது வரியில் சேர்த்துவிடுங்கள். ரோட்டுக்குப் பெயரே இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும், காசும் இல்லை.

அப்பா அம்மா இன்னும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறார்கள் என்றால் இது அவர்களுக்கும் உதவும். லயத்து வீட்டுக்குத் தனி விலாசம் இல்லாமல், தோட்டத்தின் பெயரில் ஒபிசுக்கு வந்து அங்கிருந்து கை மாறித்தான் கடிதம் வீட்டுக்குப் போகும் என்ற நிலை எத்தனை தலைமுறையாக இருந்தது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் முடிந்த பிறகு கைக்கு வந்த கதை தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறது. அந்த வேதனை தெரிந்தவர்கள் நாம், டவுனில் நமக்கென்று ஒரு கதவு இலக்கம் கிடைத்திருக்கும்போது அதை முழுசாகப் பயன்படுத்த வேண்டும். வீட்டாருக்குத் தேவையான சாமானையும் உங்கள் விலாசத்துக்கே எடுத்து, ஊருக்குப் போகும்போது கொண்டுபோங்கள். அல்லது தோட்டத்துச் சந்தியில் உள்ள கடைக்காரரின் சம்மதத்தோடு கடையின் பெயரைப் போட்டுப் பிள்ளைகளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

போன்

ரைடர் உங்களுக்குத் தெரியாத நம்பரில் இருந்துதான் கோல் எடுப்பார். பார்சல் வர இருக்கும் நாட்களில் தெரியாத நம்பரில் இருந்து வந்தாலும் பதில் சொல்லுங்கள், போனைச் சைலண்டில் போடாதீர்கள். மலைக்கு முதுகைக் கொடுத்து நிற்கும் கட்டடங்களில் உள் அறையில் சிக்னல் விழாது. ஜன்னல் பக்கம் வைத்தால் மணி அடிக்கும், அதனால் போன் இருக்க வேண்டிய இடம் ஜன்னல் ஓரம். இரண்டாவது நம்பராக, பகலில் அதே கட்டடத்தில் இருக்கும் ஒருவருடையதைக் கொடுங்கள். கொழும்பில் வேலை செய்யும் தம்பியின் நம்பரைக் கொடுத்து என்ன பயன்?

"இன்று டிலிவரி" என்ற மெசேஜில் ரைடரின் நம்பர் இருந்தால் அவர் கோல் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம், காலையிலேயே நீங்கள் கோல் எடுத்து "அண்ணா, மேல் ரோட்டால் வாங்க, எத்தனை மணி போல வருவீங்க" என்று கேட்டு, வட்ஸ்அப்பில் லொகேஷனை அனுப்பிவிடுங்கள். சிங்களத்தில் பேசுகிறவர் என்றால் "உட பார" என்ற இரண்டு சொல் போதும், மேல் ரோட்டுக்கு வந்துவிடுவார். நல்ல ரைடர் ஒருவர் கிடைத்தால் நம்பரைச் சேமித்து வையுங்கள். ஒரு பகுதிக்குப் பெரும்பாலும் அதே ஆள்தான் வருவார், மழை நாளில் ஒரு பிளேன்டீ கொடுத்துப் பேசினால் அடுத்த தடவை வழி சொல்லவே தேவையில்லை.

வீட்டில் ஆள் இல்லாத நாளில்

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் வாங்கிவைக்க ஒருவர் வேண்டும். எனக்குப் பிடித்த வழி கீழே இருக்கும் கடை. சில்லறைக் கடை, சலூன், பாமசி, எதுவாக இருந்தாலும் காலை முதல் இரவு வரை ஆள் இருக்கும் இடம். முன்கூட்டியே கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் பெயரைக் கொடுக்க வேண்டும். கைக்கு வரும்போது காசு கொடுக்க வேண்டிய பார்சல் என்றால் சரியான தொகையைக் கவரில் போட்டு, மேலே உங்கள் பெயரையும் தொகையையும் எழுதி முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அவர் தன் கல்லாவில் இருந்து கொடுக்கும் நிலைமை ஒரு நாளும் வரக்கூடாது. அப்படி வந்தால் அந்த உறவே கெட்டுவிடும்.

சில பார்சலுக்கு ஓடிபி, அதாவது உங்கள் போனுக்கு மெசேஜில் வரும் இலக்கத்தைக் கேட்பார்கள். சாமான் கைக்கு வந்துவிட்டது என்று கடைக்காரரே போனில் சொன்ன பிறகு அந்த இலக்கத்தைச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

கதவடியில் வைத்துவிட்டுப் போகச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். களவை விடுங்கள், கண்டிப் பக்கம் குரங்குகள் போதும், சாப்பாட்டு வாசம் வந்தால் பெட்டியைக் கிழித்து எறிந்துவிட்டுப் போகும். குரங்கு இல்லாத இடத்தில் சாரல் இருக்கிறது. புத்தகம், துணி, போன் போன்றவை எடுக்கும்போது பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பும்படி விற்பனையாளருக்கு ஒரு வரி எழுதினால் அநேகமானோர் செய்கிறார்கள்.

மழைக்கும் பண்டிகைக்கும் முன்னால்

கொழும்பில் இருந்து வரும் சாமான் கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும், அல்லது கடுகண்ணாவையால் ஏறி பேராதனை, கம்பளை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு வரும். இரண்டிலும் மண் சரியும் இடங்கள் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நோர்வூட் பக்கத்தை நனைக்கும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகுதான் பெரிய மழை. தீபாவளி அந்த ஒக்டோபர், நவம்பர் மழையில்தான் வருகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பல ரோடுகள் மூடிக் கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். பிள்ளைகளுக்குத் தீபாவளி உடுப்பு எடுப்பதென்றால் மூன்று வாரம் முன்பே எடுத்துவிடுங்கள், மருந்தை ஒருபோதும் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு லீவும் நுவரெலியா வசந்த கால நெரிசலும் சேர்ந்து வரும், அந்த மாத நடுவில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

தபாலில் வருவது

வெளிநாட்டுத் தபால் எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்க்கும் இலக்கம் 13 எழுத்து கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து. ஆர் என்று தொடங்கினால் பதிவுத் தபால், ஈ என்றால் ஈஎம்எஸ் என்ற விரைவுத் தபால், சி என்றால் பார்சல். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வேண்டும், ஆள் இல்லை என்றால் துண்டு ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள், அடையாள அட்டையோடு தபாலகத்துக்குப் போய் எடுக்கலாம். அதற்காகவாவது பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி போடுங்கள், வீட்டுச் செல்லப் பெயர் வேண்டாம். 2025 ஆகஸ்டில் நடந்தது போல தபால் ஊழியர் வேலைநிறுத்தம் வந்தால் எல்லாம் தேங்கி நிற்கும், அந்த நேரம் அவசரமானதைக் கொரியரில் எடுப்பதுதான் வழி.

"உங்கள் பார்சல் தடைபட்டுள்ளது, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று லிங்கோடு வரும் மெசேஜ் மோசடி. தபால் திணைக்களத்தின் பெயரிலேயே இப்படி அனுப்பி வங்கி அட்டை விபரத்தைப் பறித்திருக்கிறார்கள். லிங்கைத் தொடாமல், சந்தேகம் இருந்தால் தபாலகத்துக்கே போய்க் கேளுங்கள்.

கைக்கு வந்ததும்

பெட்டி நனைந்திருக்கிறதா, டேப் பிரித்து ஒட்டியது போல இருக்கிறதா என்று ரைடர் நிற்கும்போதே பாருங்கள். அப்படி இருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். வாங்கினால் விலாச ஸ்டிக்கர் தெரியும்படி வைத்து, வெட்டித் திறப்பதை வெட்டு விழாமல் ஒரே வீடியோவாக எடுங்கள், மாறிய சாமானுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. விற்பனையாளர் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம், பில்லும் மெசேஜும் கையில் இருக்கட்டும்.

கொழும்பில் இருந்து சொந்தக்காரர் அனுப்புவதென்றால் பஸ்ஸில் போட்டு விடுவதும் நம் ஊரில் உள்ள வழிதான். பஸ்ஸின் இலக்கத் தகடு, கொண்டக்டரின் போன் நம்பர், புறப்பட்ட நேரம் மூன்றையும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள், பஸ் வருவதற்கு முன்பே ஸ்டாண்டில் நில்லுங்கள். உடையும் சாமானையும் விலை கூடியதையும் இப்படி அனுப்ப வேண்டாம், தொலைந்தால் கேட்க ஆள் இல்லை.

வீடு மாறினால் செயலிகளில் சேமித்திருக்கும் பழைய விலாசத்தை அன்றைக்கே அழித்துவிடுங்கள், புதிய பின்னையும் புதிய வீட்டின் வண்டி நிற்கும் இடத்தில் போடுங்கள், பழைய கட்டடத்துக் கடைக்காரரிடம் புது நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.