பணியாளர் பதிவேடு: ஆளுக்கு ஒரு வரி, மாற்றத்துக்கு ஒரு வரி

சிறு நிறுவனத்தின் பணியாளர் விவரங்களுக்கு ஒரு எக்செல் கோப்பு போதும். லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கும் இதே அமைப்பு பொருந்தும். ஆனால் பெயர், பதவி, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைத்து, சம்பளம் கூடியதும் பழைய தொகையை அழித்துவிட்டுப் புதியதை எழுதினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் காப்பாற்றாது. "போன மார்ச்சில் இவருக்கு என்ன சம்பளம்?" என்று தணிக்கையாளர் கேட்டால் காட்ட எதுவும் இருக்காது.

1. இரண்டு தாள்கள்

முதல் தாள் 'ஆட்கள்'. இதில் ஆளுக்கு ஒரே வரி: பணியாளர் எண், அடையாள ஆவணத்தில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வங்கிக் கணக்கு எண், அவசரத் தொடர்பு.

இரண்டாவது தாள் 'மாற்றங்கள்'. பணியாளர் எண், அமலுக்கு வரும் தேதி, மாற்றத்தின் வகை (சம்பளம், பதவி, பிரிவு), புதிய மதிப்பு, ஆணை எண். சேரும்போது பேசிய சம்பளமும் இங்கே முதல் வரியாக வர வேண்டும். இந்தத் தாளில் எதையும் திருத்தி எழுதாதீர்கள். கீழே புது வரி சேர்த்துக்கொண்டே போங்கள்.

எக்செலில் இரண்டையும் கன்ட்ரோல் + டி (Ctrl+T) அழுத்தி டேபிளாக மாற்றிவிடுங்கள். வெறும் தாளில் பெயர் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, எக்செலின் எச்சரிக்கையை மீறி அதை மட்டும் அகரவரிசைப்படுத்தினால் பெயர்கள் இடம் மாறும், பிறந்த தேதியும் கணக்கு எண்ணும் அப்படியே நிற்கும். கோப்பை மூடிய பிறகு அதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். டேபிளில் வரி முழுவதும் சேர்ந்தே நகரும்.

2. பணியாளர் எண்: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்

0042 என்று தட்டினால் எக்செல் 42 ஆக்கிவிடும். கட்டத்தை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றினால் பூஜ்யங்கள் நிற்கும். மூலையில் ஒரு பச்சை முக்கோணம் தோன்றும். அதைச் சொடுக்கி 'கன்வர்ட் டு நம்பர்' கொடுத்தால் பூஜ்யங்கள் மறுபடி போய்விடும். அந்த முக்கோணத்தைக் கண்டுகொள்ளாதீர்கள்.

டெக்ஸ்ட் ஆக்கினாலும் சிக்கல் முழுதாகத் தீராது. கவுண்ட்இஃப் (நிபந்தனைக்குப் பொருந்தும் கட்டங்களை எண்ணுவது), சம்இஃப்ஸ் (பொருந்தும் வரிகளின் தொகையைக் கூட்டுவது) போன்ற சார்புகள் எண் போலத் தெரியும் எழுத்துகளை எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு 0042-ம் 42-ம் ஒன்றுதான். ஆகவே முன்னால் ஓர் எழுத்து சேர்த்து ப0042 என்று வைப்பதே என் பரிந்துரை. அந்த ஓர் எழுத்து இரண்டு சிக்கலையும் தீர்க்கும்.

பிரிவின் பெயரை எண்ணுக்குள் நுழைக்க வேண்டாம். ஆள் வேறு பிரிவுக்கு மாறிய அன்றே அந்த எண் பொய்யாகிவிடும். விலகியவரின் எண்ணைப் புதியவருக்குக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் 'மாற்றங்கள்' தாளில் இருவர் வரலாறும் ஒன்றாகக் கலந்துவிடும்.

3. வங்கிக் கணக்கு எண்

எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பிறகு வடிவத்தை டெக்ஸ்டுக்கு மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது. மூல ஆவணத்தைப் பார்த்துத்தான் மறுபடி தட்ட வேண்டும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறப்பதும் இதே சேதத்தைச் செய்யும். 'டேட்டா' பட்டியலில் உள்ள 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கொண்டுவந்து, அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள்.

4. தேதி

2024-06-01 என்ற வடிவமே நல்லது. 03/04 என்றால் மார்ச் 4 என்பாரும் உண்டு, ஏப்ரல் 3 என்பாரும் உண்டு. உள்ளே இருப்பது உண்மையான தேதியா, வெறும் எழுத்தா என்று அறிய, கட்டத்தின் வடிவத்தை 'ஜெனரல்' ஆக்கிப் பாருங்கள். 45444 போன்ற ஓர் எண்ணாக மாறினால் தேதி. மாறாமல் நின்றால் எழுத்து. அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

5. இன்றைய சம்பளத்தை எடுப்பது

'மாற்றங்கள்' தாளில் கடைசி வரியை எடுத்தால் போதும் என்று தோன்றும். அடுத்த மாதம் அமலாகும் உயர்வை இன்றே பதிந்திருந்தால் அது தப்பான தொகையைத் தரும். மேக்ஸ்இஃப்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்துவதில் பெரியதைத் தரும் சார்பு) கொண்டு, அந்தப் பணியாளர் எண்ணுக்கு, வகை 'சம்பளம்' என உள்ள வரிகளில், இன்றைய தேதியைத் தாண்டாத கடைசித் தேதியைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதே எண், வகை, தேதி மூன்றையும் கொடுத்து சம்இஃப்ஸால் தொகையை எடுங்கள். ஒரே நாளுக்கு இரண்டு சம்பள வரிகள் இருந்தால் இது இரண்டையும் கூட்டிவிடும். சம்பளம் இரு மடங்காகத் தெரிந்தால் முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

6. ஆவணங்கள்

ஆளுக்கு ஒரு கோப்புறை, ஆவணத்துக்கு ஒரு பிடிஎஃப். பெயர் இப்படி: ப0042_2024-06-01_நியமன ஆணை. ஆண்டு முன்னால் இருப்பதால் அவை தானாகவே கால வரிசையில் நிற்கும். மருத்துவச் சான்றுகளுக்கு மட்டும் வேறொரு கோப்புறை, வேறு அனுமதி. ஒருவருடைய விடுப்பு நாட்களைத் தெரிந்துகொள்ள வேண்டிய மேலாளருக்கு அவருடைய நோய் தெரிய வேண்டியதில்லை.

தாளை மறைப்பதும் 'ப்ரொடெக்ட் ஷீட்' போடுவதும் கைதவறுதலைத் தடுக்கும், கண்களைத் தடுக்காது. கோப்பைத் திறக்கவே கடவுச்சொல் வையுங்கள். அது தொலைந்தால் கோப்பும் தொலைந்தது மாதிரிதான். பொறுப்பான இருவரிடமாவது அது இருக்கட்டும். பலர் சேர்ந்து பதிவதானால் கூகுள் ஷீட்ஸ் மேல்: யார், எப்போது, எதை மாற்றினார் என்பது வெர்ஷன் ஹிஸ்டரியில் தெரியும்.

பிறகு சேர்த்தவை

ஒரே வங்கிக் கணக்கு இருவர் பெயரில் இருக்கிறதா என்று கவுண்ட்இஃப் வைத்துத் தேடியவர்களுக்குப் பொய் எச்சரிக்கை வருகிறது. காரணம் அதே 15 இலக்க எல்லை: முதல் 15 இலக்கங்கள் ஒன்றாக இருந்தால் அது இரண்டையும் ஒன்று என்கிறது. சம்புராடக்ட் என்ற சார்பில் கட்டங்களை நேரடியாகச் சமன்குறி போட்டு ஒப்பிடுங்கள், சரியாக வரும்.

பிரிவுப் பெயருக்கு டேட்டா வேலிடேஷனில் (கட்டத்தில் எதை உள்ளிடலாம் என்ற விதி) பட்டியல் வைத்தும் தவறான பெயர்கள் நுழைகின்றனவா? வேறிடத்திலிருந்து ஒட்டுவதை அந்த விதி சோதிப்பதில்லை. வேறு கட்டத்திலிருந்து சாதாரணமாக ஒட்டினால் விதியே அழிந்துவிடும், அதனால் 'பேஸ்ட் வேல்யூஸ்' முறையில் மதிப்பை மட்டும் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு 'சர்க்கிள் இன்வேலிட் டேட்டா' கொடுத்தால் தவறானவற்றைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டும்.

விலகியவரின் வரியை நீக்காதீர்கள், விலகிய தேதியை நிரப்புங்கள். ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு, ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடும். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்து, 'அழிக்க வேண்டிய தேதி' என்று ஒரு நெடுவரிசை சேர்த்துவிடுங்கள். அந்த நாள் வரும்போது காப்பு நகல்களில் இருப்பதையும் சேர்த்தே அழிக்க வேண்டும்.