சிங்க்திங் அமைப்புக் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றுவது எப்படி? (ராஸ்ப்பெரி பை, டெபியன்)

ராஸ்ப்பெரி பை என்ற சிறுகணினியில் சிங்க்திங் (கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் நிரல்) நிறுவியவர்களில் பலர், எஸ்டி கார்டில் இருக்கும் அதன் கோப்புகளை ஒரு கட்டத்தில் வெளி எஸ்எஸ்டிக்கு மாற்ற நினைப்பார்கள். சிங்க்திங்கின் தரவுத்தளம் அடிக்கடி எழுதப்படுவது. கார்டுகளுக்கு அது ஒத்துவராது. மாற்றும் வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் ஒரு படி தவறினால் உங்கள் சர்வர் பழைய அடையாளத்தை இழந்து, மற்றக் கருவிகளுக்கு முன்பின் தெரியாத புதுக் கருவியாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றின் ஆங்கில வடிவத்தை அடியுங்கள். பயனர் பெயர் 'பை' என்றும், எஸ்எஸ்டி '/எம்என்டி/டிஸ்க்' என்ற இடத்தில் மவுண்ட் ஆகியிருக்கிறது (அதாவது அந்தக் கோப்புறை வழியே திறக்கிறது) என்றும் வைத்துக்கொள்வோம்.

சிங்க்திங்கின் அமைப்புக் கோப்புறைக்குள் என்ன இருக்கிறது

'கான்ஃபிக்.எக்ஸ்எம்எல்' கோப்பில் கோப்புறைகள், கருவிகள், சிங்க்திங்கை நிர்வகிக்கும் வலைப்பக்கத்தின் கடவுச்சொல் ஆகிய எல்லா அமைப்புகளும் இருக்கும். 'செர்ட்.பெம்', 'கீ.பெம்' இரண்டும் சேர்ந்துதான் உங்கள் கருவியின் அடையாளம். கருவி ஐடி என்று ஏழேழு எழுத்தாக எட்டுத் தொகுதிகளில் தெரிகிறதே, அது இந்தச் சான்றிதழின் எஸ்எச்ஏ-256 ஹாஷிலிருந்து கணக்கிடப்படுவது. இந்த இரண்டு கோப்புகளும் போனால் ஐடியும் போயிற்று. 'எச்டிடிபிஎஸ்-' என்று தொடங்கும் மற்றொரு ஜோடி வலைப்பக்கத்துக்கு மட்டுமானது; அது தொலைந்தால் மீண்டும் உருவாகிக்கொள்ளும்.

மீதி இருப்பது 'இண்டெக்ஸ்' என்று தொடங்கும் தரவுத்தளக் கோப்புறை. 1.x பதிப்புகளில் இது லெவல்டிபி. 2025 ஆகஸ்டில் வந்த 2.0 முதல் எஸ்க்யூலைட். இடத்தை அடைப்பதும் ஓயாமல் எழுதப்படுவதும் இதுதான். தொலைந்தாலும் எல்லாக் கோப்புகளையும் மறுபடி ஸ்கேன் செய்து உருவாக்கிக்கொள்ளலாம். பெரிய சேமிப்பு என்றால் அந்த ஸ்கேன் பையில் பல மணி நேரம் ஓடும்.

1. இப்போது எங்கே இருக்கிறது?

1.27 பதிப்புக்கு முன் லினக்ஸில் அமைப்புக் கோப்புகள் ஹோம் கோப்புறைக்குள் '.கான்ஃபிக்/சிங்க்திங்' என்ற இடத்தில் இருந்தன. 1.27 முதல் புதிதாக நிறுவினால் '.லோக்கல்/ஸ்டேட்/சிங்க்திங்'. பழைய இடத்தில் ஏற்கெனவே கோப்புகள் இருந்தால் புதிய பதிப்பும் அதையே தொடர்ந்து பயன்படுத்தும். ஆகவே இணையத்தில் படித்த பாதையை நம்பாமல் சிங்க்திங்கிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1.x பதிப்பில் 'சிங்க்திங் --பாத்ஸ்'; 2.x பதிப்பில் கோடுகள் இல்லாமல் 'சிங்க்திங் பாத்ஸ்'. பயனர் 'பை' ஆகவே இதை ஓட்டுங்கள். சூடோ போட்டால் ரூட்டின் கோப்புறையைக் காட்டிக் குழப்பும்.

'சிஸ்டம்சிடிஎல் கேட் சிங்க்திங்@பை' என்றும் ஒருமுறை பாருங்கள். வரும் வெளியீட்டில் 'எக்ஸெக்ஸ்டார்ட்' வரியில் ஏற்கெனவே '--ஹோம்' இருந்தால் அதுதான் உண்மையான இடம். அந்த வரியை முழுதாக நகலெடுத்து வையுங்கள். 5-ஆம் படியில் தேவைப்படும்.

2. ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள்

8384 போர்ட்டில் வலைப்பக்கத்தைத் திறந்து, 'ஆக்‌ஷன்ஸ்' பட்டியலில் 'ஷோ ஐடி' அழுத்துங்கள். முதல் ஏழு எழுத்துகளைக் குறித்தால் போதும். வேலை சரியாக முடிந்ததா என்று கடைசியில் சொல்லப்போவது இந்த ஏழு எழுத்துகள்தாம்.

பதிப்பு 1-லிருந்து 2-க்கு மேம்படுத்தும் எண்ணம் இருந்தால் இதனுடன் சேர்த்துச் செய்யாதீர்கள். முதல் தொடக்கத்தில் தரவுத்தளம் லெவல்டிபியிலிருந்து எஸ்க்யூலைட்டுக்கு மாறும். அதற்கு வெகுநேரம் ஆகலாம். அந்த நேரத்தில் ஏதாவது கோளாறு வந்தால் இடமாற்றத்தால் வந்ததா, மேம்படுத்தியதால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

3. நிறுத்துங்கள்

'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் சிங்க்திங்@பை'. பிறகு 'பிக்ரெப் சிங்க்திங்'. இது எந்த எண்ணையும் காட்டக் கூடாது. காட்டினால் வேறெங்கோ இன்னொன்று ஓடுகிறது. பெரும்பாலும் பயனர் சர்வீஸாகவும் இயக்கி வைத்திருப்பார்கள்; 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டாப் சிங்க்திங்' என்று அதையும் நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை நகலெடுத்தால் நகல் பழுதாகத்தான் இருக்கும்.

4. நகலெடுங்கள்

எஸ்எஸ்டி எக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் யூனிக்ஸ் உரிமையும் அனுமதிகளும் கிடையாது, 'கீ.பெம்' கோப்பை மற்றப் பயனர்களிடமிருந்து தனியாகப் பூட்டிவைக்க முடியாது. என்எஃப்எஸ், சாம்பா போன்ற நெட்வொர்க் பகிர்வுகளில் தரவுத்தளத்தை வைப்பதும் வேண்டாம். அங்கே கோப்புப் பூட்டு நம்பகமாக இயங்காது, தரவுத்தளம் கெடும்.

'/எம்என்டி/டிஸ்க்/சிங்க்திங்' கோப்புறையை சூடோவுடன் 'எம்கேடிர்' கொண்டு உருவாக்கி, 'சௌன்' மூலம் உரிமையை 'பை:பை' என்று மாற்றி, 'சிமாட் 700' கொடுங்கள். அடுத்தது 'சிபி -ஏ', பழைய பாதை, புதிய பாதை. இங்கே பழைய பாதையின் முடிவில் சாய்கோடும் ஒரு புள்ளியும் ('/.') கட்டாயம் வேண்டும். புள்ளி விடுபட்டால் புதிய கோப்புறைக்குள் இன்னொரு 'சிங்க்திங்' கோப்புறை உருவாகி, கோப்புகள் ஒரு படி கீழே போய்விடும். சிங்க்திங் மேல்மட்டத்தில் தேடும், எதுவும் இல்லை என்று கண்டு புதுச் சான்றிதழை உருவாக்கிக்கொள்ளும். 'எல்எஸ் -எல்' அடித்து, புதிய இடத்தின் மேல்மட்டத்திலேயே 'கான்ஃபிக்.எக்ஸ்எம்எல்' தெரிகிறதா என்று பாருங்கள்.

பழைய கோப்புறையை அழிக்காதீர்கள். பெயரின் முடிவில் '.பழசு' போல எதையாவது சேர்த்து மாற்றுங்கள். ஒரே சான்றிதழுடன் இரண்டு சிங்க்திங் ஓடினால் மற்றக் கருவிகளுடன் இணைப்பு விட்டுவிட்டு அறுபடும். பெயரை மாற்றிவைத்தால் தவறுதலாகக்கூட அது நடக்காது.

5. சர்வீஸுக்குப் புதிய இடத்தைச் சொல்லுங்கள்

மூல யூனிட் கோப்பை (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கோப்பு) திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட்டில் அது மேலெழுதப்படும். 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் சிங்க்திங்@பை' என்று கொடுத்தால் ஒரு எடிட்டர் திறக்கும். அதில் '###' என்று தொடங்கும் குறிப்புகள் இருந்தால், மேலே உள்ள இரண்டு குறிப்புகளுக்கு நடுவே இந்த ஐந்து வரிகள்:

[யூனிட்]
ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/எம்என்டி/டிஸ்க்
[சர்வீஸ்]
எக்ஸெக்ஸ்டார்ட்=
எக்ஸெக்ஸ்டார்ட்=(நகலெடுத்து வைத்த வரியில் '=' குறிக்குப் பின் உள்ளது; பழைய '--ஹோம்' இருந்தால் அது இல்லாமல்) --ஹோம்=/எம்என்டி/டிஸ்க்/சிங்க்திங்

நான்காவது வரி வெறுமையாக இருப்பது பிழையல்ல. அது பழைய கட்டளையை நீக்குகிறது. அதை விட்டுவிட்டால் இரண்டு எக்ஸெக்ஸ்டார்ட் இருக்கிறது என்று சொல்லி சிஸ்டம்டி சர்வீஸைத் தொடங்கவே மறுக்கும். '--ஹோம்' முன் இரண்டு கோடுகள் போடுங்கள்: ஒற்றைக் கோட்டை 1.x ஏற்றுக்கொண்டது, 2.x ஏற்காது. பழைய வழிகாட்டிகளிலிருந்து ஒட்டியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான்.

இரண்டாவது வரிதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. பை ரீபூட் ஆகும்போது யுஎஸ்பி எஸ்எஸ்டி மவுண்ட் ஆகச் சற்றுத் தாமதமாகலாம், கேபிள் தளர்ந்தால் மவுண்ட் ஆகாமலே போகலாம். அப்போதும் '/எம்என்டி/டிஸ்க்' என்ற வெற்றுக் கோப்புறை கார்டில் இருக்கும். சிங்க்திங்குக்கு அங்கே எழுத அனுமதி இருந்தால் புது அமைப்பு, புது ஐடியுடன் அமைதியாகத் தொடங்கிவிடும். உங்கள் போனும் மடிக்கணினியும் பழைய ஐடியைத் தேடிக்கொண்டே இருக்கும். இந்த வரி இருந்தால் டிஸ்க் மவுண்ட் ஆகும்வரை சர்வீஸ் தொடங்காது; மவுண்ட் தோற்றால் சர்வீஸும் தோற்று நிற்கும். இது வேலை செய்ய, எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் டிஸ்க்குக்கு யூயூஐடியுடன் (அதன் தனி அடையாள எண்) ஒரு வரி இருக்க வேண்டும். அதில் 'நோஃபெயில்' சேர்த்தால் டிஸ்க் இல்லாதபோதும் பை பூட் ஆகும். கூடுதல் காப்பாக, டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் அந்த வெற்றுக் கோப்புறை ரூட்டுக்குச் சொந்தமானதாக இருக்கட்டும்.

'/ஈடிசி/சிங்க்திங்' என்று வைத்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். அமைப்புக் கோப்புகளின் வழக்கமான இடம் அதுதானே? சிங்க்திங்குக்கு அது பொருந்தாது. வலைப்பக்கத்தில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சிங்க்திங்தான் கோப்பில் எழுதுகிறது. பக்கத்திலேயே ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, பிறகு அதன் பெயரை மாற்றுகிறது. எனவே கோப்புக்கு மட்டுமல்லாமல் கோப்புறைக்கும் எழுதும் அனுமதி தேவை. சிங்க்திங்@ யூனிட்டிலோ 'புரொடெக்ட்சிஸ்டம்=ஃபுல்' என்ற வரி இருக்கிறது; அது '/ஈடிசி' முழுவதையும் சர்வீஸுக்கு எழுதமுடியாததாக்குகிறது. சிமாட் எத்தனை முறை கொடுத்தாலும் 'ரீட்-ஒன்லி' பிழை போகாததற்குக் காரணம் இதுதான்.

6. தொடங்கிச் சரிபாருங்கள்

'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் சிங்க்திங்@பை', பிறகு வலைப்பக்கத்தில் 'ஷோ ஐடி'. அதே ஏழு எழுத்துகள் வந்தால் முக்கால் வேலை முடிந்தது. பழைய இடத்தில் புதிதாக ஒரு கோப்புறை முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஒருமுறை ரீபூட் செய்து ஐடியை மறுபடி சரிபாருங்கள். மவுண்ட் வரிசை சரிதானா என்பது அப்போதுதான் தெரியும். பழைய கோப்புறையை ஒரு வாரம் வைத்திருந்து பிறகு அழிக்கலாம்.

ஐடி மாறிவிட்டால் பதற வேண்டாம். புதிய ஐடியை மற்றக் கருவிகளில் சேர்க்கத் தொடங்காதீர்கள். சர்வீஸை நிறுத்தி, பெயர் மாற்றிய பழைய கோப்புறையிலிருந்து 4-ஆம் படியை மறுபடி செய்தால் போதும்.

இனிமேல் டெர்மினலில் வெறுமனே 'சிங்க்திங்' என்று அடிக்காதீர்கள். அது '--ஹோம்' பற்றி எதுவும் அறியாமல் இயல்பான இடத்தில் புது அமைப்பை உருவாக்கும். 8384 பிடிபட்டிருப்பதால் வேறு ஏதோ போர்ட்டில் ஓடும். 'சிங்க்திங் சிஎல்ஐ' கட்டளைகளுக்கும் ஒவ்வொரு முறையும் '--ஹோம்' கொடுக்க வேண்டும்.

தரவுத்தளத்தை மட்டும் நகர்த்தலாமா?

கார்டு தேய்வதுதான் உங்கள் கவலை என்றால் எங்கள் பரிந்துரை இதுவே. '--ஹோம்' இடத்தில் '--கான்ஃபிக்', '--டேட்டா' இரண்டையும் கொடுங்கள்: முதலாவது கார்டில் உள்ள பழைய பாதை, இரண்டாவது எஸ்எஸ்டி பாதை. 'இண்டெக்ஸ்' கோப்புறையை மட்டும் எஸ்எஸ்டிக்கு நகலெடுங்கள்; 4-ஆம் படியில் சொன்ன பெயர் மாற்றம் இங்கே வேண்டாம். சான்றிதழ் கார்டிலேயே இருப்பதால், டிஸ்க் காணாமல் போனாலும் ஐடி மாறாது. இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தாலோ, '--ஹோம்' உடன் கலந்தாலோ சிங்க்திங் பிழை காட்டி நின்றுவிடும்.

டாக்கரில்

அதிகாரப்பூர்வ இமேஜில் அமைப்புகள் '/வார்/சிங்க்திங்/கான்ஃபிக்' என்ற இடத்தில் இருக்கும். கன்டெய்னருக்குள் எதையும் மாற்ற வேண்டாம். '/வார்/சிங்க்திங்' உடன் இணைத்திருக்கும் ஹோஸ்ட் பக்கப் பாதையை மட்டும் மாற்றி, கன்டெய்னர் நின்றிருக்கும்போது கோப்புகளை நகலெடுங்கள். 'பியூஐடி', 'பிஜிஐடி' இரண்டும் இயல்பாக 1000. புதிய கோப்புறையின் உரிமையாளர் எண் வேறாக இருந்தால் இவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள்.

கோப்புறைகள் 'மார்க்கர் மிஸ்ஸிங்' என்று நின்றால்

அமைப்புகளை நகர்த்துவதால் இந்தப் பிழை வராது. நீங்கள் ஒத்திசைக்கும் கோப்புறையின் பாதையில் '.எஸ்டிஃபோல்டர்' இல்லை என்பதே இதன் பொருள். பாதை '~' என்று தொடங்கி, சர்வீஸை வேறு பயனரின் பெயரில் ஓட்டியிருந்தால் '~' இப்போது வேறு ஹோமைக் குறிக்கும். அல்லது அந்தத் தரவு இருக்கும் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. மார்க்கரைக் கையால் உருவாக்கிப் பிழையை அடக்காதீர்கள். பாதை காலியாக இருக்கும்போது அப்படிச் செய்தால், எல்லாக் கோப்புகளும் அழிக்கப்பட்டதாகக் கருதி மற்றக் கருவிகளிலும் அழிக்கும்படி சிங்க்திங் அறிவிக்கும்.