பூனைக்கு உடம்பு சரியில்லாதபோது நாம் செய்யும் தவறுகள்

கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம், "நேற்றுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." பெரும்பாலும் அது உண்மையாக இருப்பதில்லை. பூனை நேற்றும் சுகமில்லாமல்தான் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வலி வந்தால் நாய் முனகும், நொண்டும், நம் காலடியில் வந்து படுக்கும். பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதனால் பூனை விஷயத்தில் ஆபத்து பெரும்பாலும் அக்கறைக் குறைவால் வருவதில்லை. கண்ணெதிரே தெரிகிற அறிகுறியை வேறு ஏதோ என்று எடுத்துக்கொள்வதால்தான் வருகிறது.

இதில் மிக மோசமானது, கடுவன் பூனையின் சிறுநீர் அடைப்பை மலச்சிக்கல் என்று நினைத்துக்கொள்வது. பூனை மலம், சிறுநீர் கழிக்க வைத்திருக்கும் மண் தட்டில் போய் உட்காரும், முக்கும். ஒன்றும் வராமல் எழுந்துவிடும். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் போகும். சில சமயம் அடித்தொண்டையில் கத்தும், குறியை விடாமல் நக்கும். பார்ப்பவர்கள் "வயிறு கட்டிக்கிச்சு" என்று எண்ணெய் புகட்டுவார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவார்கள். கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. படிகங்களும் சளிபோன்ற கசடும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் சிறுநீர் துளிகூட வெளியேறாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். ஓரிரு நாளில் உயிரே போகலாம். மண்ணைக் கிளறிப் பாருங்கள். ஈரக் கட்டி இல்லை, ஆனால் பூனை முக்குகிறது என்றால் அது இரவு இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டிய அவசரம். அடிவயிற்றை அமுக்கிப் பார்க்கிறேன் என்று நீங்கள் முயல வேண்டாம். நிரம்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிட வாய்ப்புண்டு.

பெட்டைப் பூனைக்கு இந்த முழு அடைப்பு அரிது, ஆனால் சிறுநீர்ப்பை அழற்சி வரும். திடீரென்று மெத்தையிலோ குளியலறை மூலையிலோ சிறுநீர் கழித்தால், "என்மேல கோபம், பழிவாங்குது" என்று சொல்லித் திட்டுபவர்கள் நிறைய. பூனை பழிவாங்குவதில்லை. தட்டில் இருக்கும்போது வலித்ததால், அந்த வலியைத் தட்டோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கலாம். இந்த அழற்சி மன அழுத்தத்தாலும் தூண்டப்படும் என்பதால், திட்டுவது நோயை வளர்க்கத்தான் உதவும்.

அடுத்தது, "பசிச்சா தானா சாப்பிடும்" என்ற நம்பிக்கை. நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து சமாளித்துவிடும். பூனையின் கல்லீரல் அப்படிப்பட்டதல்ல. உணவு நின்றதும் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலை நோக்கி வரும், கல்லீரலால் அதைக் கையாள முடியாது. சில நாட்களிலேயே கல்லீரலில் கொழுப்பு அடைந்து மஞ்சள் காமாலை வந்துவிடும். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். "அதுக்குத்தான் உடம்புல சேமிப்பு இருக்கே" என்று நாம் நினைப்பதற்கு நேரெதிர். ஒரு முழு நாள் ஒன்றுமே தொடவில்லை என்றால் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். எடை குறைக்க வேண்டிய பூனையையும் பட்டினி போட்டுக் குறைக்கக் கூடாது.

வீட்டு மருந்துப் பெட்டிக்குள் கைவிடுவது இன்னொரு பெரிய தவறு. உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமாலில் பாதி ஒடித்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலில், பூனையின் இயல்பான உடல் வெப்பமே ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். தொட்டால் நமக்குச் சூடாகத்தான் தெரியும். இரண்டாவது, பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் நொதி நமக்கு இருப்பதுபோல பூனையின் கல்லீரலில் இல்லை. தேங்கிய மருந்து இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். ஈறுகள் இளஞ்சிவப்பு மாறி பழுப்பாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையும் விஷம்தான். தெரியாமல் கொடுத்துவிட்டால் காத்திருக்காதீர்கள். விஷ முறிவு மருந்து உண்டு, சீக்கிரம் போனால்தான் பலன்.

நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்தும் இதே கதை. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால், பூனையின் கழுத்தில் இரண்டு சொட்டு விட்டாலே உடம்பு நடுங்கி வலிப்பு வரலாம். நாய்க்குப் போட்டு, பூனை அதை உரசிப் படுத்தாலும் ஆபத்துதான். பூங்கொத்தில் லில்லி இருக்கிறதா என்றும் பாருங்கள். இலையை மெல்வது மட்டுமல்ல, ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். இது பலருக்குத் தெரிவதே இல்லை.

வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது. மறுமுனை நாக்கின் அடியிலோ குடலிலோ மாட்டியிருக்கும், இழுத்தால் குடலை அறுத்துவிடும்.

இனி, எனக்கு மிகவும் எரிச்சல் தரும் வாக்கியம்: "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்." வயது ஒரு நோயல்ல. பத்து வயதைத் தாண்டிய பூனை மெலிகிறது என்றால் அதற்குள் ஏதோ நடக்கிறது. தைராய்டு மிகைச் சுரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பூனை முன்பைவிட அதிகமாகச் சாப்பிடும், இரவில் கத்திக்கொண்டு ஓடும், துறுதுறுவென்று இருக்கும். "குட்டி மாதிரி ஆயிட்டான்" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுப்படும். நாள்பட்ட சிறுநீரக நோயில் தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும், மண்ணில் கட்டிகள் பெரிதாகும். நிறையத் தண்ணீர் குடிப்பது நல்லதுதானே என்று விட்டுவிடுவோம். அறிகுறி தெரியும் நேரத்தில் சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதாகியிருக்கும். நீரிழிவிலும் இதே தாகம்தான். முற்றினால் சில பூனைகள் பின்னங்கால்களில் நுனிவிரலால் நடக்காமல் குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும். ஆரம்பத்திலேயே இன்சுலினும் சரியான உணவும் கொடுத்தால், நீரிழிவு அடங்கி இன்சுலினே தேவைப்படாத நிலைக்குச் சில பூனைகள் வருகின்றன.

இதைக் கண்டுபிடிக்கக் கண்ணை நம்பாதீர்கள். தினமும் பார்க்கும் உருவம் மெலிவது நமக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், பிறகு நீங்கள் மட்டும் நின்று பாருங்கள், வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். நாலு கிலோ பூனைக்கு 400 கிராம் குறைவது, நாற்பது கிலோ ஆளுக்கு நாலு கிலோ குறைவதற்குச் சமம்.

பல்வலியும் இப்படித்தான் மறைந்திருக்கும். "சாப்பிடுதே, பல் நல்லாத்தான் இருக்கு" என்பது சரியல்ல. பல் கரைந்துகொண்டிருந்தாலும் பூனை ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து விழுங்கிக்கொண்டே இருக்கும்.

இருமலை முடி உருண்டை என்று நினைப்பதும் வழக்கம். முடி உருண்டை என்றால் வயிறு எக்கும், கடைசியில் எதுவாவது வெளியே வரும். ஆஸ்துமா இருக்கும் பூனை தரையோடு தாழ்ந்து குந்தி, கழுத்தை முன்னால் நீட்டி, கரகரவென்று இருமும். ஒன்றும் வராது. கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மேசையில் ஏற்றியதும் அந்த இருமல் நிச்சயம் வராது. வாயைத் திறந்து இரைப்பது நாய்க்கு இயல்பு, சும்மா படுத்திருக்கும் பூனைக்கு ஆபத்து. அயர்ந்து தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து போனால் இதயத்தையோ நுரையீரலையோ சோதிக்க வேண்டும். பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்து, பாதம் சில்லிட்டு, பூனை அலறினால் எங்கிருந்தோ விழுந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இதயத்திலிருந்து வந்த இரத்தக்கட்டி தமனியை அடைத்திருக்கலாம்.

தொற்றுநோய்களில், தடுப்பூசி ஒன்று போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமான பிழை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியைச் செயல்படவிடாது. அது எப்போது தீரும் என்று சொல்ல முடியாததால்தான், 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் தாண்டும்வரை இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெளியே விடாத பூனைக்கும் இது தேவை. பேன்லூகோபீனியா என்ற கொடிய தொற்றுநோயின் வைரஸ் நம் செருப்பில் ஏறி வீட்டுக்குள் வரும். அந்த நோயில் ஒரு குட்டி இறந்த வீட்டில் உடனே இன்னொரு குட்டி கொண்டுவருவது கொடுமை. வைரஸ் ஓராண்டுவரை அங்கேயே உயிரோடு இருக்கும். சானிடைசர் அதை ஒன்றும் செய்யாது, நீர்த்த பிளீச்தான் கொல்லும்.

எஃப்ஐபி (பூனைகளுக்கு ஒருவகை கொரோனா வைரஸால் வரும் நோய்) என்று சொன்னதும் நம்பிக்கை இழப்பது இப்போது தேவையில்லை. பல ஆண்டுகள் அது மரண தண்டனையாகத்தான் இருந்தது. ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தால் பெரும்பாலான பூனைகள் பிழைப்பதை 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அன்றிலிருந்து நிலைமை மாறிவிட்டது.

வீட்டில் யாராவது கருவுற்றால் பூனையைத் துரத்துவதும் வேண்டாத வேலை. கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வந்தவுடனே தொற்றாது. அது முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாவது ஆகும். வேறொருவர் தினமும் தட்டைச் சுத்தம் செய்தால் போதும். கர்ப்பிணிகளுக்கு அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத காய்கறியும்தான் பல சமயம் பெரிய ஆபத்து.