நகராத நத்தைகள்

கடல்நீர்த் தொட்டியின் பின்கண்ணாடியில் கடுகைவிடச் சிறிய வெள்ளைச் சுருள்கள். பாறையோடு ஒட்டி வந்த நத்தைக் குஞ்சுகள் என்றே நம்பிப் பத்து நாட்களை வீணாக்கினேன். பிளேடால் சுரண்டினேன், வேறு மூலையில் முளைத்தன. இரவில் கீரைத் துண்டைத் தொங்கவிட்டேன், ஒன்றுகூட வரவில்லை. இதற்கிடையே பம்பும் முனக ஆரம்பித்தது.

கடைசியில் கண்ணாடியின் வெளிப்பக்கம் மார்க்கர் பேனாவால் பத்துச் சுருள்களைச் சுற்றி வட்டம் போட்டேன். மூன்று நாட்கள் கழித்தும் பத்தும் வட்டத்துக்குள்ளேயே இருந்தன. நகராத நத்தை ஏது?

விளக்கணைத்து, டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சுருளின் வாயிலிருந்து விசிறிபோல் மெல்லிய இழைகள் விரிந்திருந்தன. கண்ணாடியை விரலால் தட்டியதும் உள்ளே இழுத்துக்கொண்டு, குட்டி மூடியால் வாயை அடைத்துக்கொண்டன. ஸ்பைரார்பிட் புழுக்கள்! சுருண்ட சுண்ணாம்புக் குழலுக்குள் இருந்துகொண்டு, நீரில் மிதக்கும் துணுக்குகளை வடிகட்டித் தின்பவை. மீனுக்கும் பவளத்துக்கும் தீங்கில்லை.

பம்பைக் கழற்றினால், சுழலி முழுக்க அதே சுண்ணாம்புக் குழல்கள். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரைமணி நேரம் ஊறவைத்தேன், நுரைத்துக் கரைந்தன. பழைய பல் துலக்கியால் தேய்த்து, நன்கு அலசி மாட்டினேன். முனகல் நின்றது. கண்ணாடியில் இருப்பவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.