ஏபிள்டன் லைவில் டிஜே செட் நிகழ்த்துதல்: வார்ப் முதல் மேடை வரை

இசை மென்பொருளான ஏபிள்டன் லைவ் 2001ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. இன்று பலர் அதைப் பாடல் உருவாக்கவே பயன்படுத்தினாலும், பாடல் துண்டுகளை (கிளிப்) கட்டங்களில் அடுக்கி, விரும்பிய நேரத்தில் ஒலிக்கவிடும் அதன் செஷன் வியூ மேடையில் இசைப்பதற்கு மிகவும் ஏற்றது. மென்பொருளை நிறுவுவதும் பாடலை டிராக்கில் இழுத்து வைப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு எழுதுகிறேன். மேடையில் நம் செவி அடுத்த பாடலைத் தேர்வதற்கும் அது நுழைய வேண்டிய இடத்தை உணர்வதற்கும் உரியது; பீட்டைத் துரத்துவதிலேயே அது களைத்துவிடக் கூடாது. ஆகவே இவ்விளக்கத்தின் பெரும்பகுதி, நிகழ்ச்சிக்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

படி 1: ஒலியை இரண்டாகப் பிரித்தல்

கேட்போருக்குச் செல்லும் ஒலியும் உங்கள் ஹெட்போனுக்கு வரும் ஒலியும் வேறுவேறாக இருக்க வேண்டும் என்பதால், நான்கு வெளியீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று தேவை. கேட்போருக்குச் செல்லும் மாஸ்டர் அவுட்டுக்கு (புதிய பதிப்புகளில் இதன் பெயர் மெயின்) 1/2ஐயும், ஹெட்போனுக்குச் செல்லும் க்யூ அவுட்டுக்கு 3/4ஐயும் தேர்ந்தெடுங்கள். பிறகு மாஸ்டர் டிராக்கில் உள்ள சோலோ பொத்தானை க்யூ நிலைக்கு மாற்றினால், ஒவ்வொரு டிராக்கிலும் ஹெட்போன் படம் தோன்றும். பட்டியலில் 3/4 காணப்படாவிட்டால், ஆடியோ அமைப்புகளில் அவுட்புட் கான்ஃபிக் பகுதியைத் திறந்து அதை இயக்க வேண்டும். பஃபரை, அதாவது கணினி ஒலியை ஒருமுறைக்குச் சேர்த்து அனுப்பும் அளவை, 256 சாம்பிளில் வைப்பதையே நான் விரும்புகிறேன். 44,100 ஹெர்ட்ஸில் அதனால் வரும் தாமதம் ஏறத்தாழ 5.8 மில்லிநொடி மட்டுமே.

படி 2: வார்ப்

வார்ப் என்பது பாடலின் பீட்டுகளை மென்பொருளின் தாளக் கணக்கோடு பொருத்துவது. என்னை நெடுநாள் தடுத்து நிறுத்திய படி இது. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். பாடலை உள்ளே கொண்டுவந்தவுடன் மென்பொருள் அதன் டெம்போவை (வேகத்தை) தானாகக் கணிக்கிறது. மின்னணுத் தாளத்தில் அமைந்த பாடல்களில் அந்தக் கணிப்பு பெரும்பாலும் பொருந்திவிடும். ஆனால் இரண்டு இடங்களில் அது தவறக்கூடும்.

முதலாவது, டெம்போ பாதியாகவோ இரட்டிப்பாகவோ கணிக்கப்படுவது. 174 பிபிஎம் (நிமிடத்திற்கு 174 பீட்) பாடல் 87 என்று பதிவாகியிருந்தால், கிளிப் வியூவில் இரண்டால் பெருக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டாவது, முதல் பீட் தவறான இடத்தில் அமைவது. குரலோ கிட்டாரோ தாளத்திற்கு முன்பே எடுத்துவிடும் பாடல்களில், அந்த எடுப்பையே மென்பொருள் முதல் பீட்டாகக் கொண்டுவிடுகிறது. அப்போது மெட்ரோனோமுடன் பாடல் ஒத்துப்போவது போலத் தோன்றினாலும், மற்றொரு பாடலுடன் சேர்க்கும்போது கிக் (கனத்த டிரம் அடி) ஒரு பக்கமும் ஸ்னேர் (கூர்மையான டிரம் அடி) மறுபக்கமும் விழும்.

இதைச் சரிசெய்ய, அலைவடிவத்தைப் பெரிதாக்கி உண்மையான முதல் கிக்கைக் கண்டறியுங்கள். அதன் தொடக்கத்தில் வார்ப் மார்க்கர் (ஒலியின் ஒரு புள்ளியைத் தாளத்தில் பொருத்தும் குறி) ஒன்றை இட்டு, வலது சொடுக்கில் வரும் செட் 1.1.1 ஹியர் என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் பின் வார்ப் ஃப்ரம் ஹியர் ஸ்ட்ரெய்ட் என்பதை இயக்குங்கள். மெட்ரோனோமை ஒலிக்கவிட்டுப் பாடலின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களிலும் கேளுங்கள். விலகல் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால், செக்மென்ட் பிபிஎம் எண்ணைச் சிறிதளவு திருத்தினாலே சரியாகிவிடும். ஓரிடத்தில் முந்தியும் வேறோரிடத்தில் பிந்தியும் வந்தால், அது கையால் வாசிக்கப்பட்ட டிரம்ஸ் என்று பொருள். அத்தகைய பாடலில் எட்டு பாருக்கு (பார் என்பது பெரும்பாலும் நான்கு பீட்) ஒரு மார்க்கர் வீதம் இட்டுச் செல்ல வேண்டும்.

இடமிருந்து வலமாக மட்டுமே செல்லுங்கள்; ஒரு மார்க்கரை நகர்த்தும்போது, அதற்கு வலப்புறம் இன்னும் பொருத்தப்படாத பகுதி முழுவதும் சேர்ந்து நகர்ந்துவிடும். ஒவ்வொரு பீட்டிலும் மார்க்கர் இடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன், ஏனெனில் வாசித்தவரின் இயல்பான அசைவு அதில் முற்றிலும் அழிந்துவிடுகிறது. முடித்ததும் கிளிப்பில் உள்ள சேவ் பொத்தானை அழுத்துங்கள். அடுத்த முறை அதே பாடலை வேறொரு செட்டில் திறந்தாலும் இந்தக் குறிகள் அப்படியே வரும்.

பாடலின் வேகத்தை மாற்றும் வார்ப் முறைகள் பல உண்டு; முழுமையாகக் கலவை செய்யப்பட்ட பாடல்களுக்கு காம்ப்ளெக்ஸ் முறையே என் தேர்வு. காம்ப்ளெக்ஸ் ப்ரோ கணினிக்குப் பெரும் சுமை தரும். டெம்போ மாற்றம் சிறிதாக இருந்தால் ரீ-பிட்ச் மிகத் தூய்மையாக ஒலிக்கும். ஆனால் அதில் வேகத்துடன் சுருதியும் மாறும் என்பதையும், ஏறத்தாழ 6 சதவீத வேக மாற்றம் ஓர் அரைச்சுரத்திற்குச் சமம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 3: இரண்டு டிராக்குகள்

இரண்டு ஆடியோ டிராக்குகளை கிராஸ்ஃபேடரின் (ஒரு பாடலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் நழுவி) ஏ, பி பக்கங்களுக்கு ஒதுக்கி, லோ, மிட், ஹை ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூ த்ரீயை இரண்டிலும் சேர்த்துவிடுங்கள். இரண்டு பாடல்கள் ஒன்றாக ஒலிக்கும் நேரத்தில் மாஸ்டரின் அளவுமானி சிவக்காமல் இருக்க, டிராக் அளவுகளை −6 டெசிபெல் அளவில் வைத்துத் தொடங்குங்கள்.

படி 4: நுழைவும் பேஸ் மாற்றமும்

அழுத்திய கிளிப் எந்த எல்லையில் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் லான்ச் குவாண்டைசேஷன் இயல்பாக ஒரு பாரில் இருக்கும். நான் அதை நான்கு பாராக மாற்றிவிடுவேன். நடனப் பாடல்கள் பெரும்பாலும் 8, 16, 32 பார் கொண்ட பகுதிகளாக அமைவதால், சற்று முன்னதாகவே கிளிப்பை அழுத்தினாலும் அது பொருத்தமான எல்லைக்காகக் காத்திருக்கும். ஆனால் அந்த எல்லை மென்பொருளின் பொதுக் கணக்கைச் சார்ந்ததேயன்றி, ஒலிக்கும் பாடலைச் சார்ந்தது அன்று. இடையில் இரண்டு பார் கூடுதலாக வரும் பாடலை முன்கூட்டியே அறிந்து, அதன் கிளிப் நிறத்தை மாற்றி வைத்துவிட்டு, அதிலிருந்து வெளியேறும்போது மட்டும் குவாண்டைசேஷனை ஒரு பாருக்குக் குறையுங்கள்.

புதிய பாடலை பேஸ் (தாழ்ந்த ஒலி) இன்றி, அதாவது ஈக்யூ த்ரீயில் லோவை அணைத்து, உள்ளே கொண்டுவாருங்கள். 124 பிபிஎம்மில் 32 பார் என்பது ஏறத்தாழ 62 நொடி. அந்த அவகாசத்தில் மிட், ஹை ஆகியவற்றை நிதானமாகக் கலக்கலாம். அடுத்த பகுதி தொடங்கும் முதல் பீட்டில் பழைய பாடலின் லோவை அணைத்து, அதே கணத்தில் புதியதன் லோவைத் திறங்கள். இரண்டு பேஸ்களும் சேர்ந்து ஒலித்தால் கிக்கின் தெளிவு போய்விடும்.

பின்சேர்க்கை

ஹெட்போனில் மட்டும் பேஸ் கேட்கவில்லை என்று வாசகர் சிலர் எழுதியிருந்தனர். க்யூ ஒலி டிராக்கின் வால்யூமுக்கு முன்பாக, ஆனால் எஃபெக்ட்களுக்குப் பின்பாக எடுக்கப்படுகிறது. எனவே ஈக்யூ த்ரீயில் லோ அணைந்திருந்தால் ஹெட்போனிலும் அது வராது. ஃபேடரை முழுவதுமாக இறக்கி, லோவைத் திறந்துவைத்துக் கேட்டுச் சரிபார்த்த பின், மீண்டும் லோவை அணைத்து ஃபேடரை ஏற்றுங்கள். வேறொரு கணினிக்குக் கோப்பை மாற்றியபோது பாடல்கள் காணாமற்போனதாக எழுதியவர்களுக்கு: இடம் மாற்றுவதற்கு முன் ஃபைல் பட்டியலில் உள்ள கலெக்ட் ஆல் அண்ட் சேவ் என்பதை இயக்கி, புராஜெக்ட் கோப்புறை முழுவதையும் நகலெடுங்கள்.