பூரிக்கட்டை சைஸ் லூரை மூன்றாவது அலைக்கு அப்பால் எறிவது எப்படி?

பெரிய பாறை மீன் வேண்டுமென்றால் பெரிய லூர் (மீனை ஏமாற்றும் போலி இரை) போட வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, கல்யாண முருங்கைக் கட்டையில் நானே ஒன்றைச் செதுக்கினேன். நீளம் முக்கால் அடி. ஈயம் ஊற்றியபின் எடை 200 கிராம். மஞ்சள் பெயின்ட், இரண்டு பக்கமும் முழித்த கண். காயவைத்திருந்ததை அம்மா எடுத்துப்போய்ப் பூரிக்கட்டையோடு சேர்த்து வைத்துவிட்டார். செய்வது அவ்வளவு சுலபம். எறிவதில்தான் எல்லாம் இருக்கிறது.

படி 1: ராடில் (தூண்டில் கம்பில்) எழுதியிருப்பதைப் படியுங்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே, எத்தனை கிராம் வரை எறியலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். 60 கிராம் ராடில் 200 கிராமைக் கட்டி முழு பலத்தோடு வீசினால் லூர் போகிறதோ இல்லையோ, ராடின் மேல்பாதி போய்விடும். 200 கிராம் தாங்கும் 11, 12 அடி சர்ஃப் ராடு, அதாவது கரையில் நின்று வீசும் நீளக் கம்பு, வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் விலையைப் பாதியாகச் சொல்லுங்கள்.

படி 2: லைன்

லைன் மெலிசாக இருந்தால்தான் தூரம் கிடைக்கும், ஆகவே 40 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னிய நூல். ஆனால் வீசும் வேகத்தில் அது பட்டென்று அறுந்துவிடும். அதனால் முன்னால் ஷாக் லீடர் என்று, வீச்சின் அதிர்ச்சியைத் தாங்கும் தடித்த நூல் ஒன்றைக் கட்டுவார்கள். கணக்கு எளிது: ஒவ்வொரு 28 கிராமுக்கும் 10 பவுண்டு. நம் கட்டைக்கு 70 பவுண்டாவது வேண்டும். வீசத் தயாராகும்போது லீடர் ரீலில் நாலைந்து சுற்று சுற்றியிருக்கும் அளவுக்கு நீளம் விடுங்கள். ஆள்காட்டி விரலுக்கு உறை கட்டாயம். பிரெய்டு விரலை அறுப்பது பிறகுதான் தெரியும், உப்புத்தண்ணீரில் கை வைக்கும்போது.

படி 3: கனம் வால் பக்கம்

முதலில் ஈயத்தைத் தலையில் ஊற்றினேன். மணப்பாடு கரையில் முதல் வீச்சு. லூர் காற்றில் தலைகீழாகப் புரண்டு, பம்பரம் மாதிரிச் சுற்றி, 30 மீட்டரில் குளிக்கும் எருமைபோல் விழுந்தது. போட்டிகளில் வெறும் ஈயக் குண்டை 250 மீட்டருக்கு மேல் எறிகிறார்கள். குண்டு காற்றைக் கிழிக்கும், கட்டை காற்றோடு சண்டை போடும். ஈயத்தை வாலுக்கு மாற்றினால் லூர் வால் முன்னே போக, அம்புபோல் நேராகப் பறக்கும். கடையில் விற்கும் நல்ல லூர்களுக்குள் ஸ்டீல் உருண்டைகள் கிடந்து, வீசும்போது வாலுக்கு உருண்டோடுவதும் இதற்காகத்தான். மாற்றியபின் எனக்கு 70 மீட்டர் வந்தது. அடி வைத்து அளந்தது, கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

படி 4: வீச்சு

முதலில் பின்னால் பாருங்கள். அப்புறம் இன்னொரு முறை பாருங்கள். ராடின் நுனியிலிருந்து மூன்றடி கீழே லூர் தொங்கட்டும். மேல் கை தள்ள, கீழ் கை நெஞ்சை நோக்கி இழுக்க வேண்டும். புத்தகக் கணக்குப்படி 45 டிகிரி. ஆனால் காற்றின் தடையால் அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக விடுவதே நல்லது. லைனைப் பிடித்திருக்கும் விரலை முன்கூட்டியே விட்டால் லூர் வானத்துக்குப் போகும், நீங்கள் ஓட வேண்டும். தாமதமாக விட்டால் காலடி மணலில் குத்தும். ஆடிக் காற்று கிழக்குக் கரையில் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும். அப்போது மட்டும் சற்று உயர்த்தி விடுங்கள், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

படி 5: இன்னும் தூரம் வேண்டுமா?

தினைப்புனம் காத்தவர்கள் கவணில் கல் வைத்துக் கிளி விரட்டினார்கள். மச்சான் அதே யோசனையில் லாரி டியூபை இரண்டு பனைமரங்களுக்கு நடுவே கட்டினான். லூர் பின்பக்கமாகப் போய் ஒரு கொடியில் காய்ந்த லுங்கியைப் பிடித்தது. எடை நாலு முழம். ட்ரோனில் கட்டிக் கொண்டுபோகலாம்தான், ஆனால் அனுமதி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது சாலமன் தீவுக்காரர்களின் வழி: இலையால் பட்டம் செய்து, அதிலிருந்து சிலந்தி வலைக் கற்றையைத் தண்ணீர்மேல் தொங்கவிடுவார்கள். முரல் மீன் கடித்ததும் பல் அதில் சிக்கிக்கொள்ளும். முள்ளே தேவையில்லை. பூரிக்கட்டையைத் தூக்க எவ்வளவு பெரிய பட்டம் வேண்டும் என்று மச்சான் இன்னும் கணக்குப் போடுகிறான்.

கடைசியாக நாங்கள் செய்தது இதுதான். வள்ளம் தள்ளிக்கொண்டிருந்தவரிடம் போய், “அண்ணே, இதக் கொஞ்சம் உள்ள கொண்டுபோய்ப் போட முடியுமா?” என்றேன். லூரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கொடுவா காலடியில மேயுது தம்பி. நீ எதுக்கு அங்க எறியுற?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ரோஷத்தில் ஒரே வீச்சு வீசினேன். லீடர் முடிச்சு விட்டது. லூர் மட்டும் போனது, என் வாழ்நாளிலேயே அதிக தூரம்.

இரண்டு வாரம் கழித்து அதே கரையில் வலை உலர்த்தியிருந்தார்கள். வரிசையாக மிதவைகள். நடுவில் ஒன்று மஞ்சள் நிறம், முள்ளெல்லாம் கழற்றி, மூக்கில் நைலான் கயிறு கோத்து, கண்ணை முழித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.